ரத்னம்மாவின் மேஜைக்கு மேலே தொங்கிய வெளிச்சம்

விருது வாங்கிய அந்த வேலையைப் பற்றி எழுதித் தாருங்கள், நம் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். உற்சாகமாக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. ஓசூரில் டியூப்லைட் மாட்டும் தகட்டுப் பட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தகடு வளைக்கிறவனாகச் சேர்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, கடைசியில் வடிவமைப்புப் பிரிவில் உட்கார்ந்தேன். அதையும் விட்டுவிட்டு, பெங்களூரிலிருந்து வந்த ஒரு சிற்பியோடு சேர்ந்து தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தேன். விளக்கையே சிற்பமாகவும் சிற்பத்தையே விளக்காகவும் செய்வது எங்கள் வேலை. அந்த அம்மா வரைவார், நான் தொங்கவிடுவேன். எங்கள் உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆரம்பத்தில் எங்களுக்கு நல்ல அடி விழுந்தது கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில். மாம்பழப் பெட்டிச் சட்டங்களைக் கோத்து மேடைக்கு மேலே ஒரு பெரிய பந்தல்போல விளக்கு செய்திருந்தோம். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். முதல் கல்யாணத்தன்று பெண்ணின் அம்மா என் சட்டையைப் பிடிக்காத குறை. "எம்பொண்ணு முகூர்த்தப் பொடவை அரக்கு சார்! போட்டோவுல கறுப்பா விழுவுது! நல்ல காரியத்துல கறுப்பைக் கட்டி உக்கார வெச்சுட்டீங்களே!" நான் மலிவாகக் கிடைத்ததென்று போட்டிருந்த விளக்கில் சிவப்பே எடுபடவில்லை. தாலி கட்டுவதற்குள் பல்பு மாற்றினேன், நாதஸ்வரக்காரர் தலைக்கு மேலே ஏணி போட்டு. அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் பையில் ஒரு அரக்குத் துணி வைத்திருப்பேன். அன்றே பாடம் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நான் படித்தது புடவைப் பாடம் மட்டும்தான்.

இனி நீங்கள் கேட்ட வேலை.

பேரிங் வளையம் செய்யும் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். புதிதாக ஒரு ஹால் கட்டியிருந்தார்கள். செய்து முடித்த வளையங்களைப் பெண்கள் கையில் எடுத்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் இடம் அது. மாடியில் கண்ணாடி போட்ட வராந்தா. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தால் அங்கே நின்று கீழே பார்ப்பார்கள். அவர்கள் பார்த்ததும் அசந்துபோகும்படி கூரையில் ஏதாவது வேண்டும் என்றார் முதலாளி.

ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. தூசி வரக்கூடாது என்பதற்காக அப்படி. சிற்பி போய் அந்தப் பெண்களோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். "உள்ள வந்துட்டா வெளிய வெயிலா மழையான்னு ஒன்னும் தெரியாதுங்க" என்று ஒருத்தர் சொன்னதை மனதில் பிடித்துக்கொண்டார். கீறல் என்று தள்ளிவிட்ட வளையங்கள் எல்லாம் எங்கே போகின்றன என்று கேட்டார். பழைய இரும்புக்கு என்றார்கள். அவற்றிலிருந்து பெட்டி பெட்டியாக எடுத்துவந்தோம். நூற்றுக்கணக்கான வளையங்களைக் கம்பியில் கோத்து, நடுநடுவே எல்.இ.டி. பட்டைகளை ஒளித்து, கூரை முழுக்க ஓர் அலை. காலையில் வெள்ளையாக நல்ல வெளிச்சம். மூன்று மணிக்கு மேல் மெல்ல இறங்கி, மஞ்சளாகி, வெளியே பொழுது சாய்வது உள்ளேயும் தெரியும். நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் மேஜை விளக்குகளை எடுத்துவிடலாம் என்பது என் யோசனை. மாடியிலிருந்து பார்த்தால் மேஜைக்கு மேஜை ஒரு குழல் விளக்கு நீட்டிக்கொண்டு இருந்தது, அலையின் அழகைக் கெடுத்தது. "மேலே இருந்து வரும் வெளிச்சமே வேலைக்குப் போதும், அலங்காரமும் அதுவே, வேலை விளக்கும் அதுவே" என்றேன். முதலாளிக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான்.

அந்த மேஜைகளில் மூத்தவர் ரத்னம்மா. கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அவர் வீட்டில் எல்லோரும் கூலி வேலைக்குப் போனவர்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறிய முதல் ஆள் அவர். வளையத்தைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்து, மற்றவர்களைப்போல நிறுத்தி நிறுத்திப் பார்க்காமல், ஒரு உருட்டு உருட்டுவார். அவ்வளவுதான். நல்லது வலப்பக்கம், மோசமானது இடப்பக்கம். மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால், "ரத்னம்மாகிட்ட காட்டு" என்பார்கள். நாங்கள் வளையம் கோத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இது நான் தள்ளுனது சார்."

"எப்படித் தெரியும்?"

"இதோ, முடி மாதிரி ஒரு கோடு."

நான் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், மாட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே வளையத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

திறப்பு விழா ஆயுத பூஜையன்று என்று முடிவாகியிருந்தது. நம் ஊர்த் தொழிற்சாலைகளில் அந்த நாள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, வேலை செய்கிறவர்களின் குடும்பங்களை உள்ளே அழைத்துவந்து காட்டுவார்கள். தள்ளிப்போட முடியாத தேதி. அதற்கு நான்கு நாள் முன்னால்வரை எனக்கு டிரைவர் வந்து சேரவில்லை. டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை, எல்.இ.டி.க்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கிற சின்னப் பெட்டி. வெளிச்சம் கூடுவதும் குறைவதும் அதன் கையில்தான். நான் கேட்டிருந்தது உயர்ந்த ரகம், வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது.

சிற்பி சொன்னார்: "மங்குறது இப்போ வேண்டாம் சார். ஒரே வெளிச்சமா விட்டுடலாம். அப்புறமா மாத்திக்கலாம்."

நான் கேட்கவில்லை. முதலாளி மாடியில் நின்று, பொழுது சாய்வதை எல்லோருக்கும் காட்டவேண்டும் என்று காத்திருக்கிறார். நான் பெங்களூருக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி, கிடைத்த டிரைவர்களை வாங்கிவந்து மாட்டினேன். எரிந்தது. மங்கியது. பூஜை முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பூஜையன்று ரத்னம்மா தன் கணவரையும் பள்ளியில் படிக்கும் மகளையும் கூட்டிவந்திருந்தார். மேலே கை காட்டி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தொங்குதுல்ல, அதுல பாதி நான் தள்ளுனது." அந்தப் பெண் அண்ணாந்து பார்த்து எண்ண ஆரம்பித்தாள். அந்தக் கூரையை அவ்வளவு பெருமையாகப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை, முதலாளியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பத்து நாளில் நல்ல டிரைவர்கள் வந்து சேர்ந்தன. ஷெட்டில் ஒரு மூலையில் அட்டைப்பெட்டியோடு வைத்தேன். மாற்றவில்லை. ஓடுகிற மெஷினில் கை வைக்காதே என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கிற வேலையை எதற்காகக் கழற்றவேண்டும்?

மூன்று வாரம் கழித்து அங்கிருந்த குவாலிட்டி மேனேஜர் போன் செய்தார். "ஒரு அம்மா வெளிச்சம் சரியில்லைன்னு சொல்லிட்டே இருக்காங்க சார். ஒரு தடவை வந்து பார்த்துடுங்க." காலை பத்து மணிக்குப் போனேன். கையில் வெளிச்சம் அளக்கும் மீட்டர். அந்த அம்மா ரத்னம்மாதான்.

"என்னம்மா பிரச்சினை?"

"உருட்டுனா கோடு ரெண்டா தெரியுது சார். செலதுல கோடே காணாம பூடுது. நிறுத்திப் பார்த்தா ஒன்னுதான் இருக்குது."

"இப்பத் தெரியுதா?"

"இப்ப இல்லீங்க. மூணு மணிக்கு மேல, வெளிச்சம் எறங்குறப்ப. மத்தியானம் வரைக்கும் இருந்து பாருங்க சார்."

நான் மீட்டரை மேஜைமேல் வைத்தேன். தேவைக்கு மேலேயே காட்டியது. எவ்வளவு இறங்கினாலும் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "இதுவே அதிகம்மா. மீட்டர் சொல்லுது பாருங்க."

அவர் மீட்டரைக் குனிந்து பார்த்தார். "அது உருட்டிப் பாக்குமா சார்?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் நாற்பது வருஷத் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அது. அதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "கண்ணை ஒருதடவை காட்டிடுங்கம்மா. நாப்பதைத் தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான்."

மேனேஜர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். மத்தியானம்வரை இருக்க எனக்கு நேரமில்லை, கிருஷ்ணகிரியில் வேறு ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. அது அப்படியொன்றும் அவசரமான வேலை இல்லை. அவசரமான ஆள் என்று காட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த நொடியில் ஷெட்டு மூலையில் கிடந்த அட்டைப்பெட்டி ஞாபகத்துக்கு வந்ததா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். வரவில்லை என்று சொல்லத்தான் ஆசை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். கணினியில் படம் போட்டே வாடிக்கையாளரை மயக்கிவிடுகிற கெட்டிக்காரர்கள் நீங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். வெளிச்சத்தின் கீழே யார் உட்காரப் போகிறார்களோ அவர் நாற்காலியில், அவர் சொல்கிற நேரத்தில், அவர் செய்கிற வேலையைச் செய்து பாருங்கள். குறை சொல்கிறவர் காரணம் சொல்லத் தெரியாதவராக இருக்கலாம். காரணம் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. அவர் வேலை, தெரிந்ததைச் சொல்வது. ரத்னம்மா தெரிந்ததை அச்சுப் பிசகாமல் சொன்னார்.

பொங்கல் கழிந்து, ஒரு சனிக்கிழமை. ஒரு விருதுக்கு அனுப்பவேண்டும் என்று அந்த ஹாலை வீடியோ எடுக்கப் போனோம். பொழுது சாய்வதைத்தான் எடுக்கவேண்டும் என்பதால் மூன்று மணிக்கு மேல். சிற்பி மாடியில் நின்று போனில் எடுத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் சார் இது ஹீகே, இப்படிக் கோடு கோடா ஓடுது?"

போன் திரையில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டிருந்தன. "கேமரா செட்டிங்கா இருக்கும்" என்றேன். சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

இந்த விளக்குகள் மங்குவதே அணைந்து அணைந்து எரிந்துதான். நல்ல டிரைவர் என்றால் அது மிக வேகமாக நடக்கும், யாருக்கும் தெரியாது. மட்டமான டிரைவர் மெதுவாகச் செய்யும். அப்போதும் அசையாத பொருளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மீட்டருக்கும் தெரியாது. அசைகிற பொருள் மட்டும் துண்டு துண்டாகத் தெரியும். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டினேன். ஒரு பேனா நான்கு பேனாவாக விரிந்தது. அப்புறம் ரத்னம்மாவின் மேஜைக்குப் போனேன். அங்கே வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் தலைவலித் தைலம் பளபளத்தது. தள்ளிவைத்த ஒரு வளையத்தை எடுத்தேன். நிறுத்திப் பார்த்தேன். எனக்கே தெரிகிற மாதிரி நல்ல கீறல். உருட்டினேன். கோடு இரண்டாகத் தெரிந்தது.

"இங்க இருந்தாங்களே, ரத்னம்மா?"

"அவங்களுக்குக் கண்ணு பத்தலீங்களாம் சார்."

மேலே எதுவும் கேட்காமல் மேனேஜரின் அறைக்குப் போனேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன், இதை நீங்கள் நம்பவேண்டும். கதவைத் திறந்ததும் அவர் எழுந்து கை கொடுத்தார்.

"நல்லவேளை சார், அன்னைக்கு நீங்க சொன்னீங்க. கார்த்திகையில ஒரு லாட் ரிட்டர்ன் வந்துடுச்சு, எல்லாம் கீறல். பார்த்தா அந்தம்மா பார்த்து அனுப்புனது. நீங்க கண்ணைக் காட்டச் சொன்னது ஞாபகம் வந்து டெஸ்டுக்கு அனுப்புனேன். பவர் இருக்குதுன்னு கண்ணாடி எழுதிக் குடுத்தாங்க. உடனே டேபிளை விட்டு எடுத்துட்டேன்."

டீ வந்தது. குடித்தேன். அந்த வயதில் யாரை அனுப்பினாலும் கண்ணாடி எழுதித்தான் கொடுப்பார்கள். படிப்பதற்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடி. எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது. நான் சொன்னது இதுதான்: "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. லைட்டை ஒருதடவை சர்வீஸ் பண்ணிடறோம் சார். சார்ஜ் எதுவும் வேண்டாம்." அதற்கும் நன்றி சொன்னார்.

ஏன் சொல்லவில்லை என்றால் காரணம் எத்தனையோ சொல்லலாம். சிற்பியின் பெயர் கெடும். விருதுக்கு அனுப்புகிற நேரம். எங்கள் ஷெட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். ரத்னம்மா எப்படியும் வேலையை விட்டுப் போயிருப்பார், போனவருக்காக இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தேன். போய்விட்டாரா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்காமலிருந்தால்தான் அப்படி நினைத்துக்கொள்ள வசதி. இவை எல்லாம் காரணமே இல்லை. வெட்கம்தான் காரணம். மீட்டரைக் காட்டி ஒரு பெண்ணை வாயடைத்தவன் நான். அதே அறையில் உட்கார்ந்து அவர் சொன்னதே சரி என்று சொல்ல என் நாக்கு புரளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஷெட்டு ஆட்கள் இரண்டு பேரோடு போய் எல்லா டிரைவர்களையும் மாற்றினேன். மூன்று மணிக்கு வெளிச்சத்தை இறக்கி, அதே வளையத்தை உருட்டினேன். ஒரே கோடு. மனதுக்கு நிம்மதியாக இருந்தது. நான் செய்த எல்லாவற்றையும்விட, அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விருது கிடைத்தது. தொழிலாளிக்குப் பொழுதைத் திருப்பிக் கொடுத்த கலை என்று மேடையில் பேசினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். என் மனைவி அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டினாள். ஓய்வு பெற்ற பிறகும் அது கூடத்தில்தான் தொங்கியது.

போன வருஷம் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு என் மச்சானோடு போயிருந்தேன், அவருக்கு ஒரு கறவை மாடு வேண்டும். ஒரு பசுவைச் சுற்றி நான்கைந்து பேர் நின்றார்கள். ஒருவர் அதன் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒதுங்கி நின்றார். மாடு விற்கிறவர் அவரைக் கூப்பிட்டார்: "ஏம்மா, நீயும் வந்து மடியைப் பாரு. ஒரு புண்ணு, ஒரு காயம் இருந்தாச் சொல்லு."

"எனக்குக் கண்ணு பத்தாதுங்க. அவரே பாக்கட்டும்."

குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், ரத்னம்மா. கண்ணாடி போட்டிருந்தார். அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "லைட் சார்தானே நீங்க? நல்லா இருக்கீங்களா?" என்று முகமெல்லாம் சிரிப்பு. மகள் நர்சிங் படிக்கிறாளாம். இவர் வேலையை விட்டுவிட்டு இரண்டு மாடு வைத்திருக்கிறாராம், இது மூன்றாவது.

"வேற கம்பெனியில பார்க்கலையாம்மா?"

"கூப்பிட்டாங்க சார், அதே செக்கிங் வேலைக்கு. இதைவிட நல்ல கம்பெனி. இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு எந்த தைரியத்துல போறது? அங்கயும் ஒரு லாட்டு ரிட்டர்ன் வந்தா மானம் போயிடும். வண்டி ஓட்டறதைக்கூட விட்டுட்டேன்."

சாணிக்கும் சத்தத்துக்கும் நடுவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெங்களூரில் வாங்கிய டிரைவர், போன் திரையில் ஓடிய கோடு, நான் உருட்டிப் பார்த்தது, மாற்றியது. பல் பார்த்துக்கொண்டிருந்த கணவர் மாட்டை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"அப்ப எங்கண்ணுல?"

"ஒன்னுமில்லைம்மா. வயசுக்கு எல்லாரும் போடற கண்ணாடிதான். கோளாறு என் வெளிச்சத்துல."

கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதை எழுதிக் குடுப்பீங்களா சார்?" என்றார் ரத்னம்மா.

"கம்பெனிக்கா?"

"கம்பெனிக்கு எதுக்கு? எனக்கு. என் பொண்ணு படிக்கணும். கண்ணு தெரியாம கம்பெனிக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டு வந்தவன்னு எங்க ஊர்ல நெனைக்கிறாங்க. எம்மாமியார் அரிசியில கல்லு பொறுக்கக்கூட எங்கிட்ட குடுக்கறதில்லை."

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். நாலைந்து முறை கிழித்துப் போட்டேன். கடைசியில் எழுதியது எனக்கே திருப்தியாக இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது, ரத்னம்மாவின் பார்வையில் எந்தக் குறையும் இல்லை, அவர் சொன்னதை நான் கேட்டிருக்கவேண்டும் என்று தெளிவாக எழுதி, பழைய லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டு, அணையைத் தாண்டி அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவர் நின்றபடியே படித்தார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, மறுபடியும் முதலிலிருந்து. படித்து முடித்துக் காகிதத்தை என்னிடமே நீட்டினார்.

"ஒன்னு விட்டுப்போச்சு சார்."

"என்னம்மா?"

"கோளாறு இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. கண்டுபிடிச்சு சரி பண்ணுனேன்னு எழுதியிருக்கீங்க. என்னைக்குன்னு எழுதலையே."

விட்டுப்போகவில்லை. விட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் போட்டால்தான் எத்தனை காலம் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பது யாருக்கும் விளங்கும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்தக் கண்ணுக்கு முன்னால் அதை மறைத்து எடுத்துப்போகலாம் என்று நினைத்திருக்கிறேன்.

பேனாவை எடுத்து, பொங்கல் கழிந்த இரண்டாவது சனிக்கிழமை தெரிந்துகொண்டேன், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாற்றினேன், யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். வருஷத்தையும் போட்டேன். அவர் வாங்கிப் படித்தார். அந்த வரியிலேயே நின்றார். விரலை மடக்கி ஏதோ மாதம் எண்ணினார்.

"அன்னைக்கு நான் உள்ளதான் சார் இருந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"டேபிளை விட்டு எடுத்து பேக்கிங்ல போட்டிருந்தாங்க. கண்ணு தெரியாதவன்னு எல்லாரும் கேலி பண்ணவே, தாங்க முடியாம மாசியிலதான் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ஓவர்டைம், கண்டெய்னர் போவணும்னு. நீங்க ஏணியைத் தூக்கிக்கிட்டு எங்க வாசல் வழியாத்தான் போனீங்க. நான் வணக்கம் சார்னு சொன்னேன்."

நான் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"தொப்பியும் மாஸ்க்கும் போட்டிருந்தேன், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார், எனக்காக அவரே சமாதானம் சொல்வதுபோல. "தலையாட்டிட்டுப் போனீங்க."

காகிதத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை நிமிஷம் நிமிஷமாக யோசித்துப் பார்த்தேன். ஏணி ஞாபகம் இருக்கிறது, அட்டைப்பெட்டிகள் ஞாபகம் இருக்கின்றன. எவ்வளவு யோசித்தும் யாரோ எனக்கு வணக்கம் சொன்னது மட்டும் ஞாபகத்துக்கு வரவே இல்லை.